மாட்டுப் படிப்பை மறைக்காதே

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுக் கதைக்கும்போது, பனிமான் ஆராய்ச்சி வேலைக்கான விண்ணப்பத்தில் கிளிநொச்சியில் படித்ததை ஒரு வரியோடு விட்டுவிடப் போவதாகச் சொன்னாய். நோர்வேயில் உன்னோடு இருக்கிறவர்கள் விலங்கியலும் சூழலியலும் படித்து வந்தவர்கள், நீ மட்டும் ஆட்டுக்குக் குழையும் தீவனமும் நிறுத்துப் போட்டுவிட்டு வந்தவள் என்றாய். அம்மாவிடமிருந்து போனை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். இரவு முழுக்க அதே யோசனை. அதுதான் எழுதுகிறேன்.

நீ விவசாய பீடத்தில் விலங்கு விஞ்ஞானம் எடுத்தபோது, "டொக்டருக்கு விடாமல் மாடு பார்க்கவோ விட்டியள்?" என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அதை விடுவோம். உனக்கே அந்த எண்ணம் வந்திருப்பதுதான் எனக்குக் கவலை.

நான் உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், 1987இல், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (rinderpest) இலங்கைக்குள் வந்தது. வாய்க்குள் புண், கண்ணால் நீர், பிறகு கழிச்சல். நின்ற மாடு நாலைந்து நாளில் விழுந்துவிடும். அப்போது எங்கள் கண்ணில் பட்டது மாடும் மாட்டுக்காரரும்தான். அந்த நோய் காட்டில் செய்த வேலையைப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

ஆபிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் வில்டபீஸ்ட் என்ற பெரிய மானினத்தின் கூட்டம் 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டரை இலட்சம். கன்றுகள் ஒரு வயதைத் தாண்டுவதே பாடு. காரணம் அதே வெக்கை. அது தங்கியிருந்த இடம் சுற்றியிருந்த மாட்டுப் பட்டிகள். அந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். காட்டு விலங்கு ஒன்றுக்கும் போடவில்லை. 1970களின் கடைசியில் வில்டபீஸ்ட் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. அவ்வளவும் மேய, காய்ந்த புல் குறைந்தது. புல் குறைய, காட்டுத்தீ குறைந்தது. தீ குறைய, மரக்கன்றுகள் தப்பி வளர்ந்தன. சிங்கமும் கழுதைப்புலியும்கூடப் பெருகின. ஒரு காட்டின் மரங்களுக்கு மாட்டுப் பட்டியில் போட்ட ஊசியும் ஒரு காரணம், பிள்ளை! அந்த நோய்க்கு நல்ல தடுப்பூசி கண்ட வால்டர் பிளோரைட் கால்நடை வைத்தியர். 2011இல் வெக்கை உலகத்திலேயே ஒழிந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த நோய் அது ஒன்றுதான்.

நீ இருக்கிற நோர்வேயை எடு. 2016இல் நோர்ட்ஃபியெல்லா மலைப்பகுதியில் காட்டுப் பனிமான்களில், மானை மெலியவைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய் (CWD) கண்டு, பிறகு இரண்டாயிரம் அளவான ஒரு கூட்டத்தையே கொன்று தீர்க்கவேண்டி வந்தது. அப்படியான ஒரு முடிவை எடுக்க, மந்தையையும் காட்டையும் சேர்த்து அறிந்தவர்கள் வேண்டாமா?

நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? உன்னோடு வந்த பிள்ளைகள் கூட்டத்தை எண்ணிக்கொண்டு நின்றார்கள். நீ இலத்தியைக் குச்சியால் உடைத்து நாரைப் பார்த்தாய். பக்கத்தில் கிடந்த மாட்டுச் சாணம் மாவாக இருந்தது. அது அசைபோடுகிற சீவன். குதிரையின் இலத்தியில் நார் கண்ணுக்குத் தெரிய அப்படியே கிடந்தது. ஒருதரம் மென்றதோடு அதற்குச் சரி, அதனால் கட்டைப் புல்லென்றாலும் நிறையத் தின்றுதான் உயிர் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்கு விளங்கப்படுத்தினாய். பிறகு ஒரு பெண்குதிரையின் விலாவையும் இடுப்பெலும்பையும் தூரத்தில் நின்றே பார்த்து, இது குட்டிக்குப் பால் கொடுக்குது, மேய்ச்சல் போதாது, அதே தரையில் மாடும் மேயுது என்றாய். சற்று நேரத்தில் பற்றைக்குப் பின்னாலிருந்து குட்டி வந்தது. எண்ணிக்கை, எத்தனை நிற்கிறது என்று சொல்லும். அடுத்த கோடையில் எத்தனை மிஞ்சும் என்று கேட்டால், விலாவையும் இலத்தியையும் பார்க்கத் தெரிந்தவர்தான் ஏதாவது சொல்லலாம். அது நீ கொட்டிலில் படித்தது.

உனக்குக் கணக்கில் கொஞ்சம் குறை இருக்கிறது, அதை நீயே சொன்னாய். புள்ளிவிபரத்தைப் படித்துப் பிடிக்கலாம், கூட இருக்கிறவர்களிடம் கேட்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களும் உன்னிடம் கேட்க வேண்டியது இருக்கிறது.

ஆராய்ச்சி வேலை நிரந்தரமில்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கால் புதிதாக எழுதித்தான் பிழைக்க வேண்டும் என்று நீ சொல்லும்போது எனக்கும் பயம்தான். அம்மாவுக்கு அதைவிடப் பயம். ஆனாலும் திரும்பி வா என்று நாங்கள் சொல்லப் போவதில்லை.

விண்ணப்பத்தின் முதற் பந்தியிலேயே ஆட்டுத் தீவன ஆய்வை எழுது. என்ன குழை போட்டாய், எவ்வளவு தின்றது, எவ்வளவு செமித்தது, எல்லாம் எழுது. அங்கிருந்து பனிமானுக்கு எப்படி வந்தாய் என்று அடுத்த பந்தியில் சொல். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்றாய். அதற்கு முதல் தமிழில் நாலு வரி எனக்கு அனுப்பு, விளங்குதோ என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா