உட்ஸ்டாக் பெயரில் விழா எடுக்கப் போகிறவர்களுக்கு

ஐயா, அம்மா, வணக்கம்.

1969-இல் அமெரிக்காவில் நடந்த உட்ஸ்டாக் இசை விழாவுக்கு 2029 ஆகஸ்டில் அறுபது வயது. உங்களில் யாராவது கொண்டாடக் கிளம்பாமலா இருப்பீர்கள்? அதற்குள் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை.

1969 ஜூலை நடுவில், விழா நடக்கவிருந்த வால்கில் ஊர் அனுமதி இல்லை என்று கையை விரித்ததும், விழா அவசர அவசரமாக பெத்தேலுக்கு, மாக்ஸ் யாஸ்கரின் பால்பண்ணை நிலத்துக்குப் போனது. கையில் ஒரே மாதம். மேடையா வேலியா என்று வந்தபோது மேடையைக் கட்டினார்கள். மூன்று நாளைக்கு 18 டாலர் என்று டிக்கெட் விற்றிருந்தார்கள். ஆனால் வேலி முடியாத வயலில் யாரை நிறுத்தி டிக்கெட் கேட்பது? சரி, இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். ஏறத்தாழ நாலு லட்சம் பேர். சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கூட்டாக வாழ்ந்த ஹிப்பிகளான ஹாக் ஃபார்ம் கம்யூன்காரர்கள் பெரிய பாத்திரங்களில் சமைத்துப் போட்டார்கள்; சுற்றுவட்டார மக்கள் சாண்ட்விச் செய்து அனுப்பினார்கள்.

சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். சேறு, போதை, தூக்கத்திலேயே டிராக்டர் ஏறிச் செத்த ஒரு பையன், எல்லாம் உண்டு.

நான் அந்த விழாவின் இசையைக் கேட்டது பல வருடம் கழித்து, கடையில் காசு கொடுத்துப் பதிந்து வாங்கிய 90 நிமிடக் கேசட்டில். விழாவில் வாசித்த ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிதாரில் அமெரிக்கத் தேசிய கீதம் ஓலமாகி, குண்டு விழும் சத்தமாகிப் போகும்போது டேப் தீர்ந்து 'டக்' என்று நிற்கும். அன்று அமெரிக்கா போர் நடத்திய வியட்நாம் எந்தத் திசை என்றுகூடத் தெரியாத வயதில் அது வயிற்றைப் பிசைந்தது. விழாத் தொடக்கத்தில் மேடையேறி ஆசி வழங்கியவர் எங்கள் கோவைப் பக்கம் செட்டிப்பாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தர் என்று பிறகு தெரிந்தபோது, ஏதோ சொந்தக்காரர் கல்யாணம் போலாகிவிட்டது!

முப்பதாவது ஆண்டு என்று 1999-இல் அதே பெயரில் விழா எடுத்தபோது என்ன செய்தீர்கள்? நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில், பழைய விமானப்படைத் தளத்தில், கொளுத்தும் ஜூலை வெயிலில் ஒரு தண்ணீர் பாட்டில் 4 டாலர். இந்தத் தடவை வேலி மட்டும் பலமாக, ஒட்டுப்பலகையில், அழகாக ஓவியம் தீட்டி நின்றது. பெயர் அமைதிச் சுவர்! கடைசி இரவு கூட்டம் அதன் பலகைகளைப் பிடுங்கித்தான் தீ மூட்டியது. பழைய பாட்டுகளையும் பூப்போட்ட சட்டைகளையும் எடுத்து வந்தவர்கள், தண்ணீர்க் குழாயை மறந்துவிட்டீர்கள்.

2029-க்கு எந்த நட்சத்திரம் வருகிறார் என்று நான் கேட்கப்போவதில்லை. எத்தனை குழாய், வரிசை எவ்வளவு நீளம், வேலிக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்? இதை மட்டும் டிக்கெட் விற்பதற்கு முன் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
டேப் அறுந்தும் கேசட்டை வைத்திருக்கும் ஒருவன்