ஆண்டறிக்கை: கொடியேத்துற நாளும் ஒரு சீட்டும்

எல்லாருக்கும் வணக்கம். எத்தனை கூட்டம் நடந்துச்சு, யார் சந்தா பாக்கின்னு வாசிக்கிறதுதான் செயலாளர் அறிக்கை, அதெல்லாம் மினிட்ஸ் புக்குல இருக்கு, கணக்கை பொருளாளர் அண்ணன் வாசிப்பார், அதனால இந்த வருஷம் சங்கத்துல நிஜமாவே புதுசா நடந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிட்டு உட்கார்ந்துக்கிறேன்.

தேசிய தின விழாதான் அது. வழக்கமா கொடி, தேசிய கீதம், தலைவர் பேச்சு (மன்னிக்கணும் தலைவரே, நீளம்தான்), பிள்ளைங்களுக்கு போட்டி, குரூப் போட்டோ, அவ்வளவுதான். இந்த தடவை கமிட்டில ஒரு அக்கா, "இந்த நாள் எதுக்குன்னு வீட்ல பிள்ளைங்களோட உட்கார்ந்து பேசியிருக்கோமா, குடும்பமா ஒரு பிரார்த்தனை பண்ணா என்ன"ன்னு கேட்டாங்க.

உடனே பஞ்சாயத்து. யாரோட பிரார்த்தனை, யார் முறைப்படி, முதல்ல யார் ஆரம்பிக்கிறது? சாமியே கும்பிடாத ஒரு உறுப்பினர் "அப்ப நான் வெளிய போய் நிக்கவா"ன்னு கேட்டார், நியாயமான கேள்வி, யாருகிட்டயும் பதில் இல்ல. மூணு கூட்டம் இதுலயே போச்சு.

அப்புறம்தான் நான் கொஞ்சம் படிச்சுப் பார்த்தேன். அமெரிக்காவுல 1863ல உள்நாட்டுப் போர் நடந்துட்டு இருக்கும்போதே லிங்கன் நவம்பர் கடைசி வியாழக்கிழமையை நன்றி சொல்ற நாளா அறிவிச்சார், அதுலயே போர்ல விதவையானவங்களுக்கும் அநாதையானவங்களுக்கும் வேண்டிக்கச் சொல்லியிருக்கு. ஆனா அதே நாட்டுல முன்னாடி ஜனாதிபதியா இருந்த ஜெஃபர்சன், ஜனங்களை பிரார்த்தனை பண்ணச் சொல்றது அரசாங்கத்தோட வேலை இல்லன்னு அந்த மாதிரி அறிவிப்பே விடல. ஆக நம்ம கமிட்டி சண்டை 200 வருஷத்துக்கு முன்னாடியே நடந்து முடிஞ்ச சண்டை! 1947 ஆகஸ்ட் 15 அன்னைக்கு டெல்லி கொண்டாட்டத்துல இருக்க, காந்தி கல்கத்தாவுல உண்ணாவிரதம், ராட்டை, பிரார்த்தனைன்னு இருந்தார். முந்தின ராத்திரி அரசியல் நிர்ணய சபைல, நேரு பேசுறதுக்கு முன்னாடி, விடுதலைக்காக உயிர் விட்டவங்களை நினைச்சு எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னிருக்காங்க.

அதைச் சொன்னதும் கமிட்டில சத்தம் அடங்குச்சு. பிரார்த்தனை வீட்ல, அவங்கவங்க வழக்கப்படி, கிளம்புறதுக்கு முன்னாடி 10 நிமிஷம், கும்பிடாதவங்க சும்மா பேசினா போதும், சங்கத்துல பொதுவா ரெண்டு நிமிஷ மௌனம் மட்டும், மைக்ல யாரும் எதையும் ஓதக்கூடாதுன்னு முடிவாச்சு. பேச்சுக்கு மூணு கேள்வி எழுதி வீட்டுக்கு ஒரு சீட்டு: நாடு நமக்கு என்ன குடுத்துச்சு? அதுக்காக யார் எதை இழந்தாங்க? இன்னும் யாருக்கு அது கிடைக்கல?

சீட்டை நான் முந்தின ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல போட்டேன், பாதி பேர் பார்க்கவே இல்ல, அது என் தப்பு. பார்த்தவங்கள்ல சிலர் ரெண்டாவது கேள்வியோட நின்னுட்டாங்களாம், தாத்தா பாட்டி கதை ஆரம்பிச்சா முடியுமா.

மௌனத்துக்கு, முட்டி வலியால எப்பவும் சேர்லயே இருக்கிற நம்ம மூத்த உறுப்பினர் பேரன் தோளைப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னார், அதைப் பார்த்துதான் பின்வரிசைல பேசிட்டு இருந்தவங்களே வாயை மூடினாங்க. தலைவர் மட்டும் 1 நிமிஷம் 10 செகண்ட்லயே மைக்கைத் தட்டிட்டார், என் போன்ல டைமர் ஓடுச்சு.

எங்க வீட்டுக் கதையும் சொல்லிடுறேன். மூணாவது கேள்விக்கு பையன் மொபைலை நோண்டிக்கிட்டே "தெரியல"ன்னான், சின்னவ மட்டும் ஜன்னல் வழியா கேட்டைக் காட்டி "வாட்ச்மேன் தாத்தாவுக்கு இன்னைக்கு லீவு இல்லையா, அவர் வீட்ல யார்கூட பேசுவார்"னு கேட்டா. அவர் ராத்திரி ஷிப்ட் முடிச்சும் நம்ம விழாவுக்காக சேர் இறக்கிட்டு இருந்தார். நான் சீட்டை மடிச்சு பாக்கெட்ல வச்சுக்கிட்டேன், பதில் சொல்லல.

அதனால அடுத்த விழாவுக்கு ஒரே தீர்மானம் கொண்டு வர்றேன், அன்னைக்கு வாட்ச்மேன் ரெண்டு பேருக்கும் சம்பளத்தோட லீவு, கேட் டியூட்டி உறுப்பினர்கள் ஆளுக்கு 2 மணி நேரம். லிஸ்ட் வாசல்ல மேஜை மேல இருக்கு, பேனாவும் கட்டி வச்சிருக்கேன், முதல் பேரு என்னோடது, காலை 6லேருந்து 8.