தாயிக்கு, கம்பத்திலிருந்து

அன்புள்ள தாயி,

நானும் அம்மாவும் நலம். நேற்றுதான் தோட்டத்தில் கவாத்து முடிந்தது. பந்தலுக்குக் கீழே கிடந்த குச்சிகளைப் பார்த்ததும், போன அக்டோபரில் நீ கூட்டிப்போன டண்டீ மலைத் தோட்டம் ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு உன்னிடம் சொல்லாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அந்தத் தோட்டத்தைப் போட்ட டேவிட் லெட் 1965ல், 25 வயதில், 3,000 திராட்சைக் குச்சிகளோடு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துக்கு வந்தார் என்று நீ சொன்னபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெட்டிய குச்சி எவ்வளவு சீக்கிரம் காய்ந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். நிழலில் ஈரச் சாக்கைச் சுற்றி வைத்தாலும் ராத்திரி எழுந்து தொட்டுப் பார்ப்போம். அவர் நீ படிக்கிற கார்வாலிஸ் பக்கத்திலேயே அவற்றை வேர்பிடிக்க வைத்து, மறு வருஷம் டண்டீ மலைச் செம்மண்ணில் நட்டாராம். கூடவே நின்று நட்டது, புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த டயானா.

அந்தக் குளிரிலும் மழையிலும் அவர் நட்ட பினோ நுவார் என்ற ஒயின் திராட்சை தேறாது என்று கலிஃபோர்னியாவில் அவருடைய வாத்தியார்களே சொல்லியிருக்கிறார்கள். அவர் கணக்கு வேறு. அது தோல் மெலிந்த, சீக்கிரம் பழுக்கிற ரகம். வெயில் ஊரில் சர்க்கரை மளமளவென்று ஏறிவிடும், மணம் கூடாது. குளிரில் நிதானமாகப் பழுத்தால்தான் அதன் குணம் வரும். நம் பன்னீர் திராட்சையே பருவத்துக்குப் பருவம் ருசி மாறுகிறதே, எனக்கு இது உடனே புரிந்தது.

அவருடைய 1975 அறுவடையின் ஒயின் 1979ல் பாரிஸ் போட்டியில் முதல் பத்துக்குள் வந்தது. பிரான்சில் ஒயினுக்குப் பெயர்பெற்ற துரூவென் குடும்பத்து ராபர்ட், மறு வருஷம் தங்கள் ஊரின் உயர்ந்த ஒயின்களோடு அதை மறுபடி வைத்துப் பார்த்தார். அப்போது இரண்டாமிடம். முதலிடத்துக்கு 0.2 புள்ளிதான் குறைவு. 1987ல் அதே குடும்பம் டண்டீ மலையிலேயே நிலம் வாங்கியது. ஒரு விவசாயிக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

அந்த ஒயினை நான் குடிக்கவில்லை, முகர்ந்து மட்டும் பார்த்தேன். நீ தூக்கிப் பிடித்த கிளாஸில் அந்தச் சிவப்புக்கு அந்தப் பக்கம் உன் விரல் தெரிந்தது. முதல் மழை விழுந்த நம் தோட்டத்து வாசம் வந்தது.

அப்புறம், சொல்ல வந்தது இதுதான். கம்ப்யூட்டர் வேலையை விட்டு மண்ணைப் பற்றிப் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னபோது, "நாங்க மண்ணுல கிடந்தது போதாதா?" என்று கத்தினேன். மூன்று மாசம் சரியாகப் பேசவில்லை. வாத்தியார்கள் சொன்னதை அன்றைக்கு நீ சொல்லச் சொல்ல, எனக்கு என் குரல்தான் கேட்டது. அவர்களாவது படித்ததை வைத்துச் சொன்னார்கள். நான் பயத்தில் சொன்னேன். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வாய் வரவில்லை. மன்னித்துவிடு தாயி.

மலை உச்சி மரத்தில் செவ்வால் பருந்து கூடு கட்டியிருந்ததால்தான் தோட்டத்துக்கு ஐரி, அதாவது பருந்துக் கூடு, என்று பேர் வைத்தார்கள் என்றாய். அம்மாவுக்கு அந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கே கவாத்து நடக்கும்போது ஒரு தடவை போய், குச்சிக்கு எத்தனை கண் விட்டு வெட்டுகிறார்கள் என்று எண்ணி எழுது. நாம் நாலு விடுகிறோம்.

இப்படிக்கு,
அப்பா