ஸாஸ் டாமை அரசனாக நடத்துங்கள்: டஞ்சன் மாஸ்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டிஎம்களுக்கு,

வணக்கம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் கதையை நடத்தும் டஞ்சன் மாஸ்டர்களில் (டிஎம்), ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற அதன் கற்பனை உலகில் தேய் நாட்டை ஆளும் மந்திரவாதி ஸாஸ் டாமைக் கேம்பெயினின் (தொடர்கதை ஆட்டத்தின்) கடைசி எதிரியாக வைப்பவர்களுக்கு இந்த மடல். கணக்கெல்லாம் 2014 விதிகளின்படி. சிம்மாசன அறையில் தன்னந்தனியாக அவனை நிறுத்தி இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முறை முதலில் என்று முடிவுசெய்யும் டைஸ்) உருட்டாதீர்கள். இரண்டு ரவுண்டில் கதை முடிந்துவிடும்.

பெரும்பாலோர் அவனுக்கு எடுத்துக்கொள்வது 2014 மான்ஸ்டர் மேனுவலில் உள்ள லிச்சை, அதாவது சாவை வென்ற பிண மந்திரவாதியை. சேலஞ்ச் ரேட்டிங் (எதிரியின் கடின அளவு) 21 என்றதும் பார்ட்டி (பிளேயர்களின் குழு) நடுங்கும். ஆனால் ஹெச்பி (உயிர்ப் புள்ளி) 135, ஏசி (அடி பட டைஸ் எட்ட வேண்டிய எண்) 17, அவ்வளவே. 17ஆம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) கூடுதல் ஆக்ஷன் தரும் ஆக்ஷன் சர்ஜ் போட்டால் ஒரே டர்னில் 6 வெட்டு. ஆறும் பட்டு, வெட்டுக்கு 15 என்று வைத்தாலே 90 போய்விடும். மிச்சமிருக்கும் 45ஐ மற்ற மூவர் பார்த்துக்கொள்வார்கள்.

"ஷீல்ட் இருக்கிறதே, கவுன்டர்ஸ்பெல் இருக்கிறதே" என்பீர்கள். ஷீல்ட் ஏசியை ஏற்றும் மந்திரம், கவுன்டர்ஸ்பெல் எதிரியின் மந்திரத்தை முறிப்பது. இரண்டுக்குமே ரியாக்ஷன் (அடுத்தவர் முறையில் செய்யும் பதில் செயல்) வேண்டும், ரவுண்டுக்கு அது ஒன்றுதான். விஷயம் தெரிந்த பிளேயர் முதலில் ஒரு சின்ன மந்திரத்தை வீசி கவுன்டர்ஸ்பெல்லைக் கறந்துவிடுவார். அதன் பிறகு ஃபைட்டர் இறங்கும்போது ஏசியை 22 ஆக்க ஷீல்ட் கிடையாது. போதாக்குறைக்கு கவுன்டர்ஸ்பெல் 60 அடிக்குள் கண்ணில் படுபவர் மீதுதான் செல்லும். மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் (ஸ்லாட் என்பது ஒரு நாளைக்கு எண்ணி வைத்த மந்திர வாய்ப்பு) போட்டு, ஆளைக் கூண்டில் அடைக்கும் 7ஆம் லெவல் ஃபோர்ஸ்கேஜைத் தடுக்க வேண்டுமானால் டிசி (எட்ட வேண்டிய எண்) 17. லிச்சுக்குக் கிடைப்பது +5தான், அதாவது இருபது பக்க டைஸில் 12 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பாதிக்கு மேல் தோல்விதான். ஃபோர்ஸ்கேஜில் மாட்டியபின் இடம்விட்டு இடம் தாவும் டைமென்ஷன் டோரில் வெளியேற கரிஸ்மா சேவ் (தப்பிக்க உருட்டும் டைஸ்) கேட்கும். அதற்காகவே தோல்வியை வெற்றியாக்கும் மூன்று லெஜண்டரி ரெசிஸ்டன்ஸில் ஒன்றைத் தொடாமல் வையுங்கள். ஃபயர்பால் சேவுக்கெல்லாம் அதை வீணாக்கும் டிஎம்கள் ஏராளம்.

அடுத்து கான்சென்ட்ரேஷன், அதாவது மந்திரம் நீடிக்க மனதை அதிலேயே வைத்திருப்பது. குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி, கிளவுட்கில், டாமினேட் மான்ஸ்டர் மூன்றும் அதைக் கேட்பவை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். எங்கள் தேர்வு குளோப். சண்டை தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும், கூடவே போலி உருவங்களைக் காட்டும் மிரர் இமேஜும். மிரர் இமேஜுக்குக் கான்சென்ட்ரேஷன் தேவையில்லை. குளோப் 10 அடி ஆரம், நகராது. வெளியிலிருந்து வரும் 5ஆம் லெவல் வரையிலான மந்திரம் எதுவும் உள்ளே பலிக்காது. லிச்சின் கான்ஸ்டிட்யூஷன் சேவ் +10 என்பதால், ஒரே அடியில் 24 டேமேஜ் விழுந்தால்தான் குளோப் கலைய வாய்ப்பே உண்டு. 6ஆம் லெவல் ஸ்லாட் அவனுக்கு ஒன்றுதான், ஆகவே குளோப் போட்டால் அந்த ஸ்லாட்டில் ஆளைத் தூளாக்கும் டிஸின்டக்ரேட் கிடையாது.

இனி ஆட்சிக்கு வருவோம். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஸ்பெல் ஸ்லாட்தான் அவன் கஜானா, அதற்கு எல்லை உண்டு. "அவன் ஒருவனே பத்தாயிரம் எலும்புக்கூடுகளை ஆட்டுவிக்கிறான்" என்று வாயால் சொல்லிவிடலாம். பிணங்களை எழுப்பும் அனிமேட் டெட் மந்திரத்தின் விதி வேறு சொல்கிறது. கட்டுப்பாடு 24 மணி நேரம்தான். நீட்டிக்க மறுபடி போட வேண்டும். மூன்றாம் லெவல் ஸ்லாட்டுக்கு 4 பிணம், அதற்கு மேல் ஒவ்வொரு லெவலுக்கும் 2 கூடுதல். லிச்சின் 3 முதல் 9 வரையிலான எல்லா ஸ்லாட்டையும் இதற்கே கொட்டினாலும் 106தான் தேறும். அன்றைக்கு யாராவது வந்தால் வீச 1, 2ஆம் லெவல் மந்திரமும் ஸ்லாட் தேவைப்படாத கேன்ட்ரிப்பும்தான் மிச்சம்.

ஆகவே பெரிய படை என்றால் அதன் பின்னால் நெக்ரோமான்சர்கள் (பிணங்களை ஆட்டுவிக்கும் மந்திரவாதிகள்) வரிசையாக உட்கார்ந்து தினமும் ஸ்லாட் செலவழிக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும், எட்டு மணி நேர ஓய்வு வேண்டும், மேலதிகாரியும் வேண்டும். அவர்கள் தங்கும் விடுதியை பார்ட்டி கொளுத்தினால் மறுநாள் அந்த எலும்புக்கூடுகள் யார் பேச்சையும் கேட்காது. இந்தச் சந்து இல்லாத கேம்பெயினில் பிளேயர்களுக்கு நேரடிச் சண்டையைத் தவிர வேறு வழி இருக்காது.

ஒற்று வேலையையும் கணக்கோடு செய்யுங்கள். தூரத்திலிருந்தே ஒருவரை உளவு பார்க்கும் ஸ்க்ரையிங்குக்கு லிச்சின் சேவ் டிசி 20. யாரோ சொல்லிக் கேட்டு மட்டும் தெரிந்த ஆள் என்றால், இலக்குக்குச் சேவில் +5 சேரும். விஸ்டம் சேவ் +3 உள்ள ரேஞ்சர் 12 உருட்டினாலே தப்பிவிடுவார், அடுத்த 24 மணி நேரம் அவர்மீது மறுபடி போட முடியாது. அதே ரேஞ்சரின் ஒரு தலைமுடி கைக்கு வந்தால் கழிவு 10. மொத்தம் -2. இருபது விழுந்தாலும் 18தான், தப்பவே முடியாது. தலைநகர் எல்டபாரில் சத்திரத்து வேலைக்காரி சீப்பிலிருந்து முடியை உருவி ஒரு சின்ன உறையில் போட்டுக்கொள்வதை பிளேயர்கள் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாததைக் காணும் மந்திரம் போட்டவருக்கு, தலைக்கு மேல் ஸ்க்ரையிங்கின் கண்ணான, கை முஷ்டி அளவில் ஒளிரும் உருண்டை தெரியட்டும். இவை தெரியாமலே "அவனுக்கு எல்லாம் தெரியும்" என்று அறிவித்தால் பிளேயருக்கு அது டிஎம் செய்யும் மோசடியாகத்தான் படும்.

கடைசியாக ஃபிலாக்டரி, அதாவது லிச் தன் ஆன்மாவை ஒளித்து வைக்கும் பொருள். தயவுசெய்து அதைச் சிம்மாசன அறைக்குக் கீழே வைக்காதீர்கள். உடல் அழிந்தால் 1d10 (பத்துப் பக்க டைஸில் விழும் எண்) நாளில் ஃபிலாக்டரிக்கு 5 அடிக்குள் புது உடலோடு எழுவான். அந்த நாட்களில் நாற்காலி காலி. தேய்யில் ஒவ்வொரு மந்திரப் பிரிவுக்கும் ஒரு ஸுல்கிர் (தலைமை மந்திரவாதி) என எட்டு பேர் கூடி ஆண்ட காலம் உண்டு. நெக்ரோமான்சி ஸுல்கிரான ஸாஸ் டாம் மற்றவர்களோடு மோதிய உள்நாட்டுப் போர் டேல் ரெக்கனிங் (அந்த உலகின் ஆண்டுக் கணக்கு) 1375இல் தொடங்கியது. கதையை அதற்கு முன் வைத்தால் மீதி ஏழு பேரும், பின் வைத்தால் மாகாணங்களை ஆளும் தார்க்கியன்களும் அந்த இடைவெளியில் என்ன செய்வார்கள் என்று ஆளுக்கு ஒரு வரி முன்கூட்டியே எழுதி வையுங்கள். டைஸைத் திரைக்குப் பின்னால் உருட்டுங்கள். எத்தனை நாள் என்று பார்ட்டிக்கும் தெரிய வேண்டாம், அந்த ஸுல்கிர்களுக்கோ தார்க்கியன்களுக்கோ கூடத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
மேசையின் எதிர்ப்பக்கம் உட்காரும் பிளேயர்கள்