பொது டேப் டிரைவ் வாங்க உங்கள் பங்கு வேண்டும்

புகைப்படக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் மாத மடலில் ஒரே அறிவிப்பு மாதம் தவறாமல் வருகிறது. இன்னாருடைய ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, மீட்டுத் தரத் தெரிந்தவர் யாராவது உண்டா? திருட்டுப் போன கேமராக்களின் சீரியல் எண்களுக்கு ஒதுக்கும் இடத்தைவிட இதற்கு ஒதுக்குவது அதிகமாகிவிட்டது.

குழுவில் ஒருவருக்கே இது நடந்தது. ஆல்பம் கொடுத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மணப்பெண்ணின் அப்பா தவறிவிட்டார், அவர் தனியாக இருக்கிற படம் ஒன்று கிடைக்குமா என்று வீட்டிலிருந்து கேட்டார்கள். அந்தப் படத்தை எடுத்தது நம் உறுப்பினருக்கு நன்றாக நினைவிருந்தது. டிஸ்க்தான் சுழலவில்லை. இன்னொரு பிரதியும் இல்லை.

மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், அதில் ஒன்று வேறு இடத்தில் என்ற விதி நம் எல்லோருக்கும் மனப்பாடம். கடைப்பிடிக்க முடியாமல் போவது அளவினால்தான். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (கேமரா பதியும் மூலக் கோப்பு) ஒன்று சுமார் 25 முதல் 30 எம்பி. ஒரு நிகழ்ச்சிக்கு 3000 படம், வருடத்துக்கு 50 நிகழ்ச்சி என்று வைத்தால் 4 டிபியை (டெராபைட்டை) சுற்றி வரும். இதைக் கிளவுடில் ஏற்ற, 20 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில், இரவு பகல் விடாமல் 18 நாளுக்கு மேல் ஆகும். 'நான் ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் முறை) போட்டிருக்கிறேன்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கை தவறி அழித்தால் ரெய்டில் எல்லா டிஸ்கிலும் சேர்ந்தே அழியும்.

அதனால்தான் டேப், அதாவது கணினிக் கோப்புகளைப் பதிந்து வைக்கும் காந்த நாடா. எல்டிஓ என்ற வகையின் எட்டாம் தலைமுறையான எல்டிஓ-8 டேப் ஒன்றில், சுருக்காமலே, 12 டிபி கொள்ளும். அதாவது மேலே சொன்ன கணக்கில் கிட்டத்தட்ட மூன்று வருட வேலை உள்ளங்கையில் அடங்கும். ஒழுங்காக வைத்தால் 30 வருடம் தாங்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுவது அது. அலமாரியில் சும்மா கிடப்பதால் எந்த வைரஸும் அதைத் தொட முடியாது. டேப்பின் விலை யாருக்கும் எட்டும். எட்டாதது அதில் எழுதவும் படிக்கவும் வேண்டிய டிரைவ்தான். ஆனால் ஒருவருக்கு வருடத்தில் சில நாள்தான் அது தேவைப்படும். ஆளுக்கொன்று வாங்குவதில் அர்த்தமே இல்லை. குழுவுக்கு ஒன்று போதும்.

சங்கடம் ஒன்றும் உண்டு, மறைக்கவில்லை. எல்டிஓ-8 டிரைவ் தன் தலைமுறையையும் அதற்கு முந்தையதையும் மட்டுமே படிக்கும். சில வருடங்களில் எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்ற வேண்டி வரும். சேரும் தொகையில் ஒரு பகுதியை அதற்கென்றே ஒதுக்கி வைப்போம்.

டேப் உங்களுடையது. உங்கள் கடவுச்சொல்லால் பூட்டித்தான் எழுதப்படும், குழுவில் யாரும் திறந்து பார்க்க முடியாது. வாடிக்கையாளர் வீட்டுப் படங்கள் என்பதால் இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. கடவுச்சொல்லை மறந்தாலும் எங்களால் உதவ முடியாது, எழுதி வையுங்கள்.

முழுநேரமாகத் தொழில் செய்பவர்களிடம் ஒரு நாள் ஊதியம் கேட்கிறோம். இப்போதுதான் தொழிலுக்கு வந்தவர்கள் முடிந்ததைக் கொடுங்கள். பணத்துக்குப் பதில் டேப்புகளுக்குப் பட்டியல் எழுத இரண்டு மாலைப்பொழுது தந்தாலும் சரி. பணம் தராதவருக்கு டிரைவ் கிடையாது என்று விதி போடலாமா என்று குழுவில் ஒரு மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. கையில் காசில்லாத மாதத்தில்தான் பழைய டிஸ்கும் படுக்கும்.

தொகை மிஞ்சினால் மானிட்டர் கேலிபரேட்டர் (திரையின் நிறத்தைச் சரிசெய்யும் கருவி) ஒன்று வாங்குவோம். மாதம் பத்து நிமிட வேலைக்கு அதையும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டிருக்கிறோம். டிரைவ் வாங்கும் அளவுக்குச் சேராவிட்டால் அவரவர் பணம் அவரவருக்கே திரும்பும். வரவு செலவு மாத மடலில் வரும்.

அப்புறம், பழைய கேமரா பாடிகளை நன்கொடையாகத் தர வேண்டாம். ஷட்டர் போனது நான்கு ஏற்கெனவே நம் அலமாரியில் தூங்குகின்றன.

அடுத்த கூட்டத்தில் பொருளாளரிடம் பணம் கொடுக்கும்போது உங்களிடம் மொத்தம் எத்தனை டிபி இருக்கிறது என்றும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதல் முறை எத்தனை டேப் வாங்குவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
குழுவினர்