லேப்புக்கு விண்டோஸ் போட வந்தவர்களுக்கு ஃபயர்வாலில் என்ன வேலை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை விட்டதும் வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துப் பள்ளி, பாலிடெக்னிக் லேப்களில் சிஸ்டம் மாற்றும் வேலை குவியும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு ஆம்பூர் ஷூ கம்பெனி ஆபீஸ்களிலிருந்தும் கேட்கிறார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் பென் டிரைவ் செருகி உட்காராமல், நெட்வொர்க் வழியாகப் பூட் செய்து (அதாவது தொடங்க வைத்து), மொத்தமாக இமேஜ் (தயாராக வைத்திருக்கும் விண்டோஸின் முழு நகல்) இறக்குகிறோம். அதற்காக உங்கள் நெட்வொர்க்கைக் காக்கும் ஃபயர்வாலின் பாஸ்வேர்டைக் கேட்டால் பலரும் தயங்குகிறீர்கள். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிற பாஸ்வேர்டு இல்லை அது; தயங்குவதுதான் சரி. உள்ளே போய் என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுங்கள்.

இந்த முறைக்கு பிஎக்ஸ்இ என்று பெயர்; இன்டெல் வகுத்தது. ஹார்டு டிஸ்க் காலியாக இருந்தாலும், மெஷினில் எஃப்12 தட்டி நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தால், 'எனக்கு ஒரு ஐபி வேண்டும், பூட் ஃபைல் எங்கே இருக்கிறது?' என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். ஐபி என்பது நெட்வொர்க்கில் அந்த மெஷினுக்கான முகவரி. அதைக் கொடுக்கும் பொறுப்பு ஃபயர்வாலில் இருக்கும் டிஹெச்சிபி என்ற சேவையுடையது. அது ஐபியை மட்டும் கொடுத்துவிட்டு ஃபைலைப் பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால், திரையில் 'பிஎக்ஸ்இ-ஈ53: நோ பூட் ஃபைல்நேம் ரிசீவ்டு' என்று வந்து நின்றுவிடும். மெஷினில் ஒரு கோளாறும் இருக்காது. 'ஈ51' என்று வந்தால் ஐபியே வந்து சேரவில்லை. 'ஈ32' வந்தால் ஃபைல் இருக்கும் இடம் தெரிந்தும் அந்த சர்வர் பதில் தரவில்லை. ஃபைலைக் கேட்கும் வழியான யுடிபி 69-ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம்.

பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் வைத்திருப்பவர்களுக்கு, டிஹெச்சிபி சர்வர் பக்கத்தின் கீழே 'நெட்வொர்க் பூட்டிங்' என்ற பகுதி இருக்கும். அதை ஆன் செய்து, 'நெக்ஸ்ட் சர்வர்' கட்டத்தில் நாங்கள் கொண்டுவரும் பூட் சர்வரின் ஐபியைப் போடுகிறோம். அந்த ஐபி, டிஹெச்சிபி பங்கிடும் வரிசைக்கு வெளியே நிலையாக இருக்க வேண்டும். அடுத்தது ஃபைல் பெயர். இதில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும் உள் மென்பொருள் பயாஸ், யுஇஎஃப்ஐ என்று இரண்டு வகை. பழைய பயாஸ் மெஷினுக்கு 'அண்டிஒன்லி.கேபிஎக்ஸ்இ' என்றால், புதிய யுஇஎஃப்ஐ மெஷினுக்கு 'ஐபிஎக்ஸ்இ.ஈஎஃப்ஐ'. ஒன்றுக்கு உரியது இன்னொன்றில் ஓடாது. தான் எந்த வகை என்பதை மெஷினே ஐபி கேட்கும்போது ஆப்ஷன் 93 என்ற குறிப்பு வழியாகச் சொல்லிவிடும்; ஃபைல் பெயருக்கான இரண்டு கட்டங்களையும் சரியாக நிரப்பியிருந்தால் ஃபயர்வால் ஆளுக்கேற்ற ஃபைலைக் காட்டும். ஒரே லேப்பில் பழசும் புதுசும் கலந்து கிடக்கும் நம்மூர் நிலைமைக்கு இது பெரிய உதவி.

இன்டர்நெட் கனெக்ஷனோடு வரும் சாதாரண ரவுட்டர்களில் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. அதற்காக இன்னொரு டிஹெச்சிபியை யாராவது ஆன் செய்ய வந்தால் தயவுசெய்து விடாதீர்கள். இரண்டும் போட்டி போட்டு ஐபி கொடுத்தால் பில்லிங், பிரிண்டர், சிசிடிவி எல்லாம் தாறுமாறாகும். அப்படிப்பட்ட இடங்களில் எங்கள் பூட் சர்வரிலேயே பிராக்ஸி டிஹெச்சிபி ஓட்டுகிறோம். அது ஐபி எதுவும் கொடுக்காது, பூட் விவரத்தை மட்டும் சொல்லும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. நெட்வொர்க் பூட்டை லேப்பின் விலேனில் (ஒரே நெட்வொர்க்குக்குள் தனியாகப் பிரித்த பகுதியில்) மட்டுமே ஆன் செய்வோம். அக்கவுன்ட்ஸ் பக்கம் கேட்டாலும் செய்ய மாட்டோம். பூட் ஃபைலை அனுப்பும் டிஎஃப்டிபி முறை யாரிடமும் பாஸ்வேர்டு கேட்காது. டேலி ஓடும் மெஷினில் யாரோ தெரியாமல் எஃப்12 தட்டி, வந்த மெனுவில் என்டர் அடித்தால், வருஷக் கணக்கெல்லாம் அழிந்துபோகும் ஆபத்து இருக்கிறது. விலேன் பிரிக்காத இடமென்றால் முதலில் அதைப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் இமேஜில் கை வைப்போம். ஒரு நாள் கூடுதலாக ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் வருவதற்கு முன்பு பயாஸ் பாஸ்வேர்டைத் தேடி வையுங்கள். யுஇஎஃப்ஐ மெஷின்களில், நம்பகமான கையொப்பம் உள்ள ஃபைலை மட்டும் பூட் செய்ய விடும் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும்; வேலை முடிந்ததும் மறுபடி ஆன் செய்து, பூட் வரிசையில் ஹார்டு டிஸ்கை முதலில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவோம். ஃபயர்வாலின் பழைய செட்டிங்கை பேக்கப் எடுத்து உங்கள் கையிலேயே கொடுப்போம். பாஸ்வேர்டை எழுதிக் கொடுக்க வேண்டாம். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து டைப் செய்யுங்கள், நாங்கள் போன பிறகு மாற்றியும் விடுங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு,
வேலூர்