செல்விக்குக் கிடைத்த வேலை

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கிணற்று மோட்டார் சரியானதில் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேப்பரை இப்போது ஒரு வரி விடாமல் படிக்கிறார்.

செல்விக்கு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்ததையும், அது மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டிங் பிரிவு என்றதும் அவள் முகம் வாடிவிட்டதையும் எழுதியிருந்தாய். கோடிங், அதாவது புரோகிராம் எழுதுவது, வராதவர்களைத் தள்ளிவிடும் இடம் அது என்று யாரோ காதில் போட்டிருப்பார்கள். நான் சேர்ந்த காலத்திலேயே இந்தப் பேச்சு உண்டு. கடைசியில் வந்து நாலு பட்டனை அமுக்கிப் பார்ப்பதுதான் வேலை என்றால் அவள் வருத்தம் நியாயம்தான்.

எங்கள் குழு இப்போது பஸ் டிக்கெட் எடுக்கும் ஆப் ஒன்றைச் செய்கிறது. ஒரு வரி கோடு எழுதும் முன்பே, என்னென்ன வேண்டும் என்று பேசும் கூட்டத்தில் டெஸ்டர்களும் உட்காருவோம். 'சீட்டைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது 10 நிமிடம் ஒதுக்கப்படும், அதற்குள் பணம் கட்ட வேண்டும்' என்று ஆவணத்தில் இருந்தது. எங்கள் பெண் ஒருத்தி கேட்டாள்: "ஒன்பதாவது நிமிடம் பணம் கட்டி, பேங்க் பதில் பதினொன்றாவது நிமிடம் வந்தால்? அதற்குள் இன்னொருவர் அந்த சீட்டை எடுத்திருந்தால்?" யாரிடமும் பதில் இல்லை. பணத்தைத் தானாகத் திருப்புவதா, வேறு சீட் தருவதா, திரையில் என்ன காட்டுவது என்று அன்று மதியம் முழுக்க அதிலேயே போயிற்று. போகட்டும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பணமும் போய் சீட்டும் இல்லாமல் ஒருவர் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நிற்பதற்கு இது தேவலாம்.

கோடு வந்த பிறகு எதை எப்படிச் சோதிப்பது என்று எழுதிய டெஸ்ட் கேஸ், அதில் அகப்படும் பிழையான பக், "என் மெஷினில் ஓடுதே" என்கிற, கோடு எழுதிய டெவலப்பர், எல்லாம் வரிசையாக வரும். பக் ரிப்போர்ட் எழுதத்தான் செல்வி முதலில் பழக வேண்டும். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் அப்படியே திரும்பி வந்துவிடும். எந்த போன், ஆப்பின் எந்தப் பதிப்பு (பில்டு), எதை எதற்கு அப்புறம் அழுத்தினாள், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது, இவ்வளவும் வேண்டும்.

ரிலீஸ் தேதி நெருங்கினால், பழைய பகுதிதான் நன்றாக ஓடுகிறதே, மறுபடி சோதிப்பது எதற்கு என்பார்கள். அங்கேதான் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே சுமார் 40 விநாடியில் சிதறியது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் அளக்கும் கருவியில், பழைய ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே வைத்திருந்தார்கள். புது ராக்கெட்டுக்குக் கிடைமட்ட வேகம் அதிகம். அதையொட்டிய ஓர் எண், 32,767 வரைதான் கொள்ளும் 16 பிட் இடத்தில் அடங்கவில்லை. புதிய பாதையின் கணக்கைக் கொடுத்து அந்தக் கருவியைச் சோதித்திருந்தால் தரையிலேயே தெரிந்திருக்கும் என்றுதான் விசாரணைக் குழுவும் சொன்னது.

வருவதற்குள், வெப்சைட்டைத் தானாக இயக்கிச் சோதிக்க உதவும் செலினியம் என்ற மென்பொருளை அவளைக் கொஞ்சம் பழகச் சொல். அதில் கோடும் எழுதத்தான் வேண்டும், அவள் ஆசையும் தீரும். சேரும் தேதி தெரிந்ததும் எழுது. தாம்பரம் பக்கம் நல்ல ஹாஸ்டலாக விசாரித்து வைக்கிறேன் என்கிறாள் என் வீட்டுக்காரி.

அன்புடன்,
சேகர்